தண்ணீர் பாட்டிலைத் திறக்காத தங்கைக்கு



உன் கடிதம் வந்தது. பெயர் போட வேண்டாம், கம்பெனி பெயர் வேண்டவே வேண்டாம் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறாய். போடவில்லை. வல்லக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாய் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். கோயிலைச் சுற்றியும் ஒரகடம் சாலை நெடுகவும் தலைக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துக்கொண்டு உன் வயதுப் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். ஊர்ப் பெயரை வைத்து உன்னை ஒருவரும் பிடித்துவிட முடியாது. தனியாகவே பதில் போட்டிருக்கலாம். ஆனால் நீ கேட்டதையே வேறு வேறு மாதிரி கேட்டு அந்தப் பகுதியிலிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நீ கேட்டது இது: "ஆறு மாசத்துல ரெண்டாவது தடவை நீர்க்கடுப்பு அக்கா. வேலையால வருதா, இல்ல என் உடம்புவாகே இப்படியா? ரூம்ல கேட்டா உனக்கு உடம்பு சூடுங்கறாங்க. கம்பெனியில சொல்லலாமா? சொன்னா அனுப்பிடுவாங்களா?"

முதலில் உடம்பு. வெந்தயம் ஊறவைத்துக் குடி என்று உன் ரூம்காரப் பெண் சொன்னதில் தப்பில்லை, குடி. ஆனால் கிருமித் தொற்று வெந்தயத்துக்கு அடங்காது. டாக்டரைப் பார்த்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள். மாத்திரை எத்தனை நாளுக்கு எழுதிக் கொடுத்தார்களோ அத்தனை நாளும் போடு. எரிச்சல் நின்றதும் நிறுத்திவிட்டதாக நீயே எழுதியிருக்கிறாய். திரும்ப வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். குளிர்காய்ச்சல் வந்தாலோ, விலாவுக்குப் பின்னால் வலித்தாலோ, வாந்தி எடுத்தாலோ ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதே. தொற்று சிறுநீரகம் வரை போயிருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். இதையெல்லாம் சொல்ல நான் டாக்டர் இல்லை. நானும் லைனில் நின்றவள், அந்த அளவுக்குத் தெரியும்.

உடம்புவாகா என்ற கேள்விக்குப் பதில் உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆறு மணி ஷிப்டுக்கு நாலே முக்காலுக்கு பஸ். ஏறியதிலிருந்து டீ பிரேக் வரை பாட்டிலைத் திறப்பதே இல்லை. பாட்டில் எப்படியும் லைனுக்கு வெளியே ரேக்கில்தான் இருக்கிறது. பாத்ரூம் போக வேண்டும் என்றால் கையைத் தூக்க வேண்டும், ரிலீவர் வர வேண்டும். உங்கள் லைனுக்கு ஒரே ரிலீவர், அந்தப் பெண்ணையும் ஆள் வராத நாளில் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் நிறுத்திவிடுகிறார்கள். தலைக்கு மேலே போர்டில் டார்கெட் ஒரு பக்கம், ஓடியது ஒரு பக்கம், குறைந்தது சிவப்பில். சூப்பர்வைசர் திட்டுவதைவிட உனக்குக் கஷ்டமாக இருப்பது வேறு ஒன்று: "நான் போனா பக்கத்து ஸ்டேஷன் அக்கா என் வேலையையும் சேர்த்துப் பாக்கணும்." அதற்காகவே தண்ணீரைக் குறைத்துக்கொண்டாய்.

தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு இருந்தால் எந்தப் பெண்ணுக்கும் இந்தத் தொற்று வரும் வாய்ப்பு கூடும். ஆண்களைவிடப் பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் குறைவு, கிருமி சீக்கிரம் ஏறிவிடும். உன் உடம்பு வாகு ஊரில் இருந்தபோதும் இதுதானே? அங்கே வராதது இங்கே வந்தால் எங்கே தேட வேண்டும் என்று உனக்கே தெரியும்.

தங்கை, இதை ஒரு மேனேஜர் படித்தால் "பாத்ரூம் போக வேண்டாம் என்று யார் சொன்னது?" என்பார். உண்மைதான், யாரும் சொல்வதில்லை. லைனுக்கு எத்தனை ரிலீவர் என்பது எங்கோ ஓர் ஏ.சி. அறையில் ஆள் கணக்குப் போடும்போது முடிவாகிறது. ஆள் குறைந்தால் செலவு குறையும். அந்தக் கணக்கில் மிச்சமான பணம்தான் உன் அடிவயிற்றில் எரிச்சலாக வந்து நிற்கிறது. மழை, வெயில் மாதிரி தானாக வந்ததில்லை இந்த ஆள் குறைவு.

சட்டம் இதைப்பற்றி எப்போதோ பேசிவிட்டது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தை எடுத்துப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். எச்சில் துப்புவதற்குப் படிக்கம் எங்கே வைக்க வேண்டும் என்பதற்குக்கூட அதில் தனிப் பிரிவு உண்டு, 20-ஆவது. அதற்கு முந்தின இரண்டும் உனக்கு வேண்டியவை. 18-ஆவது பிரிவு குடிதண்ணீர். தண்ணீர் வைக்கும் இடத்தில் 'குடிதண்ணீர்' என்று தொழிலாளருக்குப் புரியும் மொழியில் எழுதியிருக்க வேண்டும், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடமானால் வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணீர் கொடுக்க வேண்டும். 19-ஆவது பிரிவு கழிப்பறை. தொழிலாளி ஆலைக்குள் இருக்கும் எல்லா நேரமும் அவர் போய்வரும்படி அது இருக்க வேண்டும் என்கிறது. பிரேக் விடும் எட்டரைக்கும் பன்னிரண்டுக்கும் மட்டும் என்று அதில் இல்லை. ரிலீவர் வந்த பிறகு என்றும் இல்லை.

கால் வீக்கத்தைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு, "அது எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்று கடந்து போயிருக்கிறாய். அதற்கும் 44-ஆவது பிரிவு இருந்தது. நின்றபடி வேலை செய்கிறவர்களுக்கு, வேலையின் நடுவே ஓய்வு கிடைக்கும்போது உட்கார வசதி செய்து கொடுக்க வேண்டும். 2021-இல் ஜவுளிக்கடை, நகைக்கடைப் பெண்களுக்காக இருக்கை உரிமைத் திருத்தம் நம் சட்டமன்றத்தில் வந்தபோது எல்லோரும் புதுமை என்று கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ஆலைக்காரர்களுக்கு அது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஏட்டில் இருந்தது, ஸ்டூலைத்தான் கண்ணில் காணோம்.

'இருந்தது' என்று சொல்லக் காரணம் உண்டு. 2020-இல் இயற்றிய பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கழிப்பறையும் உட்காரும் வசதியும் அதிலும் இருக்கின்றன, நுணுக்கங்களை விதிகளுக்கு விட்டிருக்கிறார்கள். இலவச வருடாந்தர மருத்துவப் பரிசோதனையும் அதில் உண்டு என்று விளம்பரம் செய்தார்கள், நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. உன் லைனில் நாற்பது வயதுப் பெண் ஒருவரைக் காட்டு பார்க்கலாம். இருபத்தைந்து தாண்டினாலே 'அக்கா' ஆகிவிடும் இடம் அது. ஐபோன் பூட்டும் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்கும் அளவுக்குப் போனது. இருபதில் வாங்கும் இடுப்பு வலியை நாற்பதில் சோதித்துப் பார்ப்பதற்குள் அந்தப் பெண் எந்த ஊரில் எந்தக் கூரைக்குக் கீழே இருப்பாளோ.

உங்கள் கம்பெனியில் பாதுகாப்பு வாரம் கொண்டாடியதை எழுதியிருந்தாய். ஹெல்மெட் போட்ட பொம்மை, கோலப்போட்டி, உறுதிமொழி. அதை நான் கேலி செய்ய மாட்டேன். இந்தச் சாலை உயிரையும் பலி கொடுத்திருக்கிறது. 2010 அக்டோபர் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் பேனல் ஏற்றும் இயந்திரத்தில் கழுத்து சிக்கி ஓர் இளம்பெண் இறந்துபோனாள். அதே ஆண்டு ஜூலையில் சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கானில் பூச்சிமருந்து அடித்ததைத் தொடர்ந்து மயங்கி விழுந்து தொழிலாளர்கள் கூட்டமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பவர் பிரஸ்ஸில் விரலைக் கொடுத்தவர்கள் கார் உதிரிபாகம் செய்யும் சின்னக் கம்பெனிகளில் இன்றும் இருக்கிறார்கள். ஹெல்மெட்டும் சென்சாரும் வேலியும் வேண்டும்தான். ஆனால் விரல் போனால் பதிவேட்டில் ஏறும், விபத்து என்று அதிகாரி வருவார். நீர்க்கடுப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. முதலுதவி அறையில் ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள், "பீரியட்ஸா?" என்று ஒரு கேள்வியோடு.

மாத்திரை என்றதும் ஞாபகம் வருகிறது. 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் சுமார் 100 பெண்களைப் பேட்டி கண்டது. மாதவிடாய் வலிக்கு லீவு எடுக்காமல் இருக்க, பெயர் இல்லாத மாத்திரைகளை வேலை நேரத்தில் கொடுத்திருக்கிறார்கள். உனக்குக் கொடுப்பது என்ன மாத்திரை என்று அட்டையோடு கேட்டு வாங்கு. வெட்டித் தரும் ஒற்றை மாத்திரையை வாங்கிப் போடாதே. நம் மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு, சரியாகச் சொன்னால் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் 53.4 சதவீதத்தினருக்கு, ரத்தசோகை. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு எட்டு மணி நேரம் நின்றால் தலை சுற்றத்தான் செய்யும்.

இனி உன் பெரிய பயம். சொன்னால் அனுப்பிவிடுவார்களா?

தனியாகப் போய்ச் சொன்னால் அடுத்த முறை காண்டிராக்டைப் புதுப்பிக்காமல் விடலாம். இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன்னைப் போன்ற பெண்கள் சேர்ந்து சொன்னபோது இதே சாலையில் என்ன நடந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது நீ பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாய்.

2021 டிசம்பர் 15. ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து ஹாஸ்டல் ஒன்றில் சாப்பாடு விஷமாகி வாந்தியும் பேதியும். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சேர்ந்தவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி. யாரும் சரியான பதில் சொல்லவில்லை. 17-ஆம் தேதி இரவு பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். சம்பளம் கேட்டு உட்கார்ந்தவர்கள் இல்லை; சோற்றுக்கும் தங்கும் இடத்துக்கும் பதில் கேட்டு உட்கார்ந்தார்கள். ஓர் அறையில் முப்பது பேர் வரை தரையில் படுத்தது, தண்ணீர் வராத கழிப்பறை, சமையல்கட்டில் எலி எல்லாம் அதற்குப் பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஆனால் ஆலை மூடிக் கிடந்தது. டிசம்பர் 29 அன்று ஆப்பிள், தங்குமிடங்களும் சாப்பாட்டுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டு, அந்த ஆலையை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. ஜனவரி 12-இல்தான் திரும்பத் திறந்தார்கள்.

அந்த ஹாஸ்டல்களில் இருந்த யாரும் அதற்கு முன் முணுமுணுக்காமல் இருந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. சாம்பாரில் பூச்சி என்று வார்டனிடம் ஒருத்தி சொல்லியிருப்பாள், "உங்க வீட்டுல என்ன தினமும் விருந்தா?" என்று வார்டன் கேட்டிருப்பார். ஒருத்தி சொல்வது முணுமுணுப்பு. நெடுஞ்சாலை நின்றதும் அதே பேச்சு உலகச் செய்தியாகிவிட்டது.

அதன் பலனை நீ தினமும் பஸ்ஸில் இருந்து பார்க்கிறாய். வல்லம் வடகாலில் நிற்கிறதே அந்த அடுக்குமாடி விடுதி, சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டியது. 18,720 படுக்கைகள், அறைக்கு ஆறு பேர். 2024 ஆகஸ்ட் 17-இல் முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார், ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூவும் வந்திருந்தார். மேடையில் யார் யாருக்கோ நன்றி சொல்லியிருப்பார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் 2021 டிசம்பரில் தார்ச்சாலையில் உட்கார்ந்த பெண்கள் போட்டது. எனக்கு அதில் ஒரு சங்கடமும் உண்டு. ஒருத்தியின் வேலை, படுக்கை, சாப்பாடு மூன்றும் ஒரே நிழலில் வந்துவிட்டால் வேலை போகும் அன்று படுக்கையும் போகும். கேட் மூடும் நேரமும் யாரோ வைத்ததாகிவிடும். அறைக்கு முப்பது பேரைவிட ஆறு பேர் எவ்வளவோ மேல். அதைச் சொல்லிக்கொண்டே இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் படுக்கை உனக்கு இல்லை, உன் கம்பெனி வேறு. வல்லக்கோட்டை அறையில் எட்டுப் பேர், ஒரு பாத்ரூம், மேலே சிமென்ட் ஷீட். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவள், ஏ ஷிப்டுக்குப் போனவளின் பாயில் படுக்கிறாள். பகலில் மிக்ஸி சத்தம், வெயில், கிருத்திகை வந்தால் கோயில் மைக். நைட் ஷிப்ட் வாரத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்கியதே இல்லை என்கிறாய். தூக்கம் இல்லாத கைதான் இயந்திரத்தில் தவறும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடம்பின் கடிகாரத்தைக் கலைக்கும் இரவுப் பணியை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பட்டியலில் 2007-லேயே சேர்த்தது, 2019-இல் மறுபடி உறுதி செய்தது. உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. தூக்கத்தையும் வேலைக்கணக்கில் சேர்த்துப் பேச வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஷிப்டை எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்றுகிறார்கள், நைட் முடிந்து மறுநாள் லீவு உண்டா என்பதெல்லாம் சுகாதாரக் கேள்விதான். 2023 ஏப்ரல் 21-இல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று கைவிடப்பட்டது. அது திரும்ப வராது என்று யார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்?

சரி, நீ என்ன செய்வது. சூப்பர்வைசர் திட்டுகிறார், பாத்ரூம் விடுவதில்லை என்று எழுதாதே. எழுதினால் அவரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசிவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள், அவரும் உன்மேல் கறுவிக்கொண்டிருப்பார். பாவம், அவர் தலைக்கு மேலும் ஒரு போர்டு இருக்கிறது. "எங்கள் லைனுக்குக் கூடுதல் ரிலீவர் வேண்டும், ரிலீவரை வேறு ஸ்டேஷனில் நிறுத்தக் கூடாது, தண்ணீர் பாட்டிலை நடந்து எடுக்கும் தூரத்தில் வைக்க வேண்டும், ஸ்டூல் வேண்டும்" என்று எழுது. எண்ணிக் காட்டக்கூடிய பொருளாகக் கேள். அன்பாக நடத்துங்கள் என்று கேட்டால் அன்பாக நடத்துவதாகச் சொல்லிவிடுவார்கள். அதை ஒருத்தி பெயரில் கொடுக்காதே, லைனில் எத்தனை பேர் கையெழுத்துப் போடுவார்களோ அத்தனை பேர் போடட்டும். பெரிய ஆலையில் நலவாழ்வு அலுவலர் இருப்பார், பாதுகாப்புக் குழுவும் கேன்டீன் குழுவும் இருக்க வேண்டும். அவற்றில் தொழிலாளர் பிரதிநிதி யார் என்று கேட்டுப் பார். பெயர் தெரியவில்லை என்று பத்துப் பேர் சொன்னால் குழுவின் லட்சணம் விளங்கிவிடும்.

உள்ளே நடக்கவில்லை என்றால் வெளியே தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கிறது. புகார் கொடுத்தது யார் என்பதை ஆய்வாளர் ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது பழைய சட்டத்திலேயே 118-ஏ பிரிவாக இருந்தது. இந்தியா 1949-லேயே ஏற்றுக்கொண்ட தொழிலாளர் ஆய்வுக்கான உலக உடன்படிக்கையும் அதைத்தான் சொல்கிறது. சங்கம் வேண்டுமா என்று நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்: சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வெளியே நின்றார்கள், முக்கியமாகத் தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி. சங்கம் பதிவானது 2025 ஜனவரியில்தான். எளிதில்லை. ஆனால் ரிலீவர் கணக்கை நிர்வாகத்தோடு மேசையில் உட்கார்ந்து பேசவும் ஆள் வேண்டுமே.

ஈ.எஸ்.ஐ. கார்டு பெட்டிக்குள் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறாய். உன் சம்பளத்தில் 0.75 சதவீதம் மாதாமாதம் அதற்குப் போகிறது, கம்பெனி 3.25 சதவீதம் போடுகிறது. அது உன் பணம். ஆறு மாதக் கணக்குக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், டாக்டர் சான்றிதழோடு எடுக்கும் நோய் லீவுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை, வருடத்துக்கு 91 நாள் கிடைக்கும். அப்படி நோய்ப் பலன் வாங்கும் நாள்களில் உன்னை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று பழைய ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆவது பிரிவு சொன்னது. ஷிப்ட் பஸ் விபத்தில் சிக்கினாலும், வீட்டுக்கும் வேலைக்கும் போய்வரும் வழியில் நடந்தது என்று நிறுவினால் அது வேலை விபத்தாகவே கணக்காகும், 2010-இல் செய்த திருத்தம். நீ மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு, லீவும் போடாமல், சம்பளமும் பிடிபடாமல் சமாளிக்கிறாய். அதனால் உனக்கு இரண்டு முறை தொற்று வந்தது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அடுத்த முறை டிஸ்பென்சரியில் காட்டும்போது என்ன வேலை, எத்தனை மணி நேரம் நிற்கிறாய், எப்போது தண்ணீர் குடிக்கிறாய் என்பதையும் சேர்த்துச் சொல்லிச் சீட்டில் எழுதச் சொல். லைனில் இன்னும் மூன்று பேருக்கு இதே தொந்தரவு என்றாயே, அவர்களையும் கூட்டிக்கொண்டு போ. நாலு சீட்டு ஒரே லைனிலிருந்து என்றால் உங்கள் மனுவோடு இணைத்துக் கொடுக்கலாம்.

கடைசி வரியில் அம்மாவுக்கு மூட்டு வலி, பணம் அனுப்ப வேண்டியிருக்கிறது, அதனால் வேலையை விடவும் முடியாது என்றிருக்கிறாய். விடச் சொல்லி நான் எழுதவில்லை. அம்மாவுக்குத் தனியாகப் பெரிய வருமானம் இல்லாவிட்டால் உன் கார்டில் குடும்ப உறுப்பினராக அவரையும் சேர்க்கலாம், ஊரில் இருந்தபடியே அங்குள்ள டிஸ்பென்சரியில் பார்க்கும்படி கேட்கலாம். ஆதார் நகலும் போட்டோவும் அனுப்பச் சொல்லி இந்த வாரமே ஹெச்.ஆர். அறையில் கொடுத்துவிடு. பதிவான சீட்டை வாங்க மறக்காதே.

அன்புடன்,
அக்கா